சோங்கின் நீளம்

மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு சரக்கு அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். என் மேலாளர் பண்ணைக் குடும்பத்தில் பிறந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். என்னைவிடச் சில வயது இளையவர். ஒரு கோடையில் அலுவலகத்தார் எல்லோரையும் தன்னுடைய சுடும் கழகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஓர் இயந்திரம் களிமண் தட்டுகளை வானத்தில் எறியும். அவை பறந்து போகும்போது சுட வேண்டும். நான் எல்லோருடைய கைப்பைகளுக்கும் காவலாக மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மேலாளர் வந்து என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

ஐம்பது வயது தாண்டிய பிறகு முதன்முதலாக ஒரு துவக்கைக் கையில் வாங்கினேன். முதல் இரண்டு தட்டுகளும் என்னைக் கவனிக்காமலே போய்ப் புல்லில் விழுந்தன. மூன்றாவது, வானத்திலேயே தூளாகியது.

அந்தத் தூளைப் பார்த்தபோது எனக்குள் என்ன நடந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. சந்தோஷம் என்றால் சந்தோஷம்தான், ஆனால் பயமும் இருந்தது. துவக்கைப் பார்த்தால் ஓடி ஒளிய வேண்டும் என்று வளர்ந்தவள் நான். யாழ்ப்பாணத்தில் அதை வைத்திருந்தவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்பதுகூட எங்களுக்கு இரண்டாவது விஷயம். முதலில் ஒளிய வேண்டும். அப்படிப்பட்ட நான், வீட்டுக்கு வரும் வழியில், நாலாவது தட்டை ஏன் தவறவிட்டேன் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் பாடசாலை பஸ் ஓட்டுகிறவர். அதிகம் கதைக்காத மனிதர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரி" என்றார்.

பிறகு மாதத்துக்கு இரண்டு முறை மேலாளரோடு கழகத்துக்குப் போகத் தொடங்கினேன். அதற்கும் சரி. பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன், சரி. லைசென்ஸ் விண்ணப்பத்தில் அவருடைய கையெழுத்தும் வேண்டும் என்று நீட்டினேன். வாசிக்காமலே போட்டுக் கொடுத்தார். அந்தச் 'சரி'க்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவேயில்லை. முப்பது வருடம் ஒரு வீட்டில் இருந்தும், சம்மதமா சலிப்பா என்று பிரித்தறிய முடியாத ஒரு சொல்லாக அது இருந்தது. கேட்டால் வேறு ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நானும் கேட்கவில்லை.

அடுத்த வசந்தம் வந்தபோது லைசென்ஸும் கைக்கு வந்திருந்தது. எவ்வளவு நாளைக்குத்தான் மேலாளரின் துவக்கை இரவல் வாங்கிச் சுடுவது? அதோடு, இலையுதிர் காலத்தில் தங்கள் பண்ணைக்கு வாத்து வேட்டைக்கு வரும்படி அவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். அதற்கான வகுப்பையும் முடித்திருந்தேன். பாவித்த செமி ஒட்டோமற்றிக் சொட்கண் ஒன்றைப் பார்த்து வாங்கு என்றார் அவர். சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்; தோளில் விழும் உதையும் குறைவு; உன்னைப் போன்ற சிறிய ஆளுக்கு அதுதான் நல்லது. தட்டுக்கும் வாத்துக்கும் ஒன்றே போதும்.

கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

மிசிசாகாவில், வேலைக்குப் போகும் வழியிலேயே, பழைய துவக்குகள் விற்கும் கடை ஒன்று உண்டு. அங்கே இருந்தவர் நல்ல மனிதர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அதுதான் பிரச்சினையாகப் போயிற்று. செமி ஒட்டோமற்றிக்கில் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்று, வெடிக்கும்போது வரும் காஸில் ஒரு பங்கை எடுத்து வேலை செய்யும். உதை குறைவு, ஆனால் பாரம், உள்ளே கரியும் பிடிக்கும். மற்றது, அந்த உதையையே எடுத்து வேலை செய்யும். இலேசு, சுத்தம், ஆனால் தோளுக்குத் தெரியும். தட்டுக்கு நிற்கப் பாரமானது நல்லது, வாத்துக்கு நடக்க இலேசானது நல்லது. தட்டுக்கு நீளக் குழல், வாத்துக்குக் கொஞ்சம் கட்டையான குழல். குழலின் அகலத்தைக் கேஜ் கணக்கில் சொல்வார்களாம். பன்னிரண்டு கேஜ் என்றால் தோட்டா எல்லா இடத்திலும் கிடைக்கும். அதைவிடச் சிறியதான இருபது கேஜ் என்றால் உங்கள் தோள் தப்பும்.

"அப்ப எது எனக்குச் சரி?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அது நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது" என்றார்.

நான் என்ன செய்யப் போகிறேன் என்பதுதான் எனக்கே தெரியாத விஷயம்.

அந்தக் கடையில் ஒன்று என் கண்ணில் பட்டது. பழைய பன்னிரண்டு கேஜ். மரப் பகுதி முழுதும் தேன் நிறம். வீட்டு அலுமாரிக்கே பொருத்தமான வேலைப்பாடு. கைத்தொலைபேசியில் படம் எடுத்து மேலாளருக்குக் காட்டினேன். அழகுதான், ஆனால் குழல் பழைய காலத்தது, வாய் மிகவும் ஒடுக்கமானது என்றார். வாத்து சுட இங்கே ஈயச் சன்னம், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு ஈயக் குண்டுகள், பாவிக்கக் கூடாது. உருக்குச் சன்னம்தான் போட வேண்டும். உருக்குக்கு அந்தக் குழல் தாங்காது. தட்டுக்கு மட்டும் என்றால் வாங்கு.

கழகத்தில் ஒருவர் தன்னுடையதை விற்க இருந்தார். இலேசான வகை. தூக்கிப் பார்த்தபோது விளையாட்டுச் சாமான் போல இருந்தது. அதில் நான் வழக்கமாகப் பாவிக்கும் மெல்லிய தோட்டாக்களைப் போட்டதும் இரண்டாவது சூட்டிலேயே இறுகி நின்றது. பெரிய தோட்டா போட்டால் பிழையின்றி வேலை செய்யும் என்றார் அவர். பெரிய தோட்டா போட்டேன். வேலை செய்தது. அந்தக் கிழமை முழுதும் சமையலறை மேல்தட்டில் இருந்த சீனிப் போத்தலை என்னால் வலது கையால் எடுக்க முடியவில்லை.

இதற்கிடையில், அரசாங்கம் எல்லாவற்றையும் தடை செய்யப் போகிறது, இப்போது வாங்காதே என்றார் கழகத்தில் ஒருவர். தடை செய்வதற்கு முன் உடனே வாங்கு என்றார் இன்னொருவர். இருவரும் ஒரே மேசையில் இருந்து ஒரே பட்டியலைப் பற்றித்தான் பேசினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த மாதிரித் துவக்குகளுக்குத் தடை இல்லை என்று மேலாளர் தேடிப் பார்த்துச் சொன்ன பிறகும் எனக்குக் குழப்பம் தீரவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் பின்பக்கக் கட்டையில் இருந்தது. தோளில் முட்டுக் கொடுக்கும் அந்தப் பகுதி எல்லாத் துவக்கிலும் எனக்கு நீளமாக இருந்தது. நான் கட்டையான ஆள். ஆம்பிளைகளின் கைக்கு அளந்து செய்த சாமானை என் தோளில் வைத்தால், கன்னம் வர வேண்டிய இடத்துக்குத் தாடைதான் வந்தது. அந்தப் பகுதிக்கு எங்களிடம் ஒரு சொல் உண்டு, சோங்கு. அந்தச் சொல்லை நான் அதுவரை ஒரேயொரு மாதிரித்தான் கேட்டிருந்தேன்: "சோங்கால அடிச்சவங்கள்." இப்போது அதன் நீளத்தை அங்குலத்தில் தெரிந்து வைத்துக்கொண்டு கடை கடையாகத் திரிந்தேன்.

ஒஷாவாவில் ஒருவர் விற்பதாக இணையத்தில் பார்த்தேன். காஸ் வகை, பன்னிரண்டு கேஜ், உருக்குச் சன்னம் தாங்கும், குழல் வாயை மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் எழுதினேன், ஆங்கிலத்தில் பதில் வந்தது. பெயருக்கு நான் முதலெழுத்துகளை மட்டும்தான் போட்டிருந்தேன். அவரும் அப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை கணவர்தான் காரில் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நிறுத்திவிட்டு, "நீர் போயிட்டு வாரும், நான் றேடியோ கேக்கிறன்" என்றார்.

மணி அடிக்கப் போனபோது முன் சன்னலுக்குள் ஒரு கறிவேப்பிலைச் சாடியைக் கண்டேன். கதவு திறந்ததும் உள்ளே பிள்ளையார் படம். நாற்பதுகளின் நடுவில் இருக்கும் ஒருவர், ஹொக்கிச் சட்டையோடு நின்று என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்கள்தான் எழுதின ஆளோ?"

"ஓம் தம்பி."

"நான் ஆரோ வெள்ளையெண்டு நினைச்சன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

அவர் தலையைச் சொறிந்தார். "துவக்கு அண்ணைக்கோ?"

"இல்லை. எனக்கு."

"உங்களுக்கோ?"

"ஓம்."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"அவர்தான் கூட்டிக்கொண்டு வந்தவர். காருக்குள்ள இருக்கிறார்."

அவர் என் தோளுக்கு மேலால் காரைப் பார்த்தார். "உது சரியில்லை. தமிழாக்கள் வந்திட்டு வெளியில இருக்கிறதோ? நீங்கள் கீழ போய் இருங்கோ, நான் கூட்டிக்கொண்டு வாறன்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தனியாகப் பேஸ்மென்ற் படியில் இறங்கினேன்.

கணவர் வந்து சோபாவின் ஓரத்தில் இருந்தார். துவக்குப் பெட்டி மேசையில் இருந்தது. அதற்கு ஆகத் தூரமான இடத்தைத்தான் அவர் பார்த்து எடுத்திருந்தார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, விற்பவர் பெட்டியைத் திறந்தார். முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று காட்டி, என்னையும் விரல் விட்டுப் பார்க்கச் சொன்னார். முன்மரத்தைக் கழற்றினார். உள்ளே மெல்லிய கரி மட்டும்தான். தேய்வு இல்லை, துரு இல்லை, மரத்தில் வெடிப்பு இல்லை. பார்க்கச் சொல்லித் தந்த எல்லாவற்றையும் பார்த்தேன். கார்த் தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்தவர்கள்தான் வேட்டை பழக்கியதாகவும், தோளில் சத்திரசிகிச்சை செய்த பிறகு சுட முடியவில்லை என்றும் அவர் சொன்னார். என் லைசென்ஸைப் பதிந்து, அனுமதி எண் வந்ததும் கொண்டுபோகலாம் என்றார்.

தோளில் வைத்துப் பார்த்தேன். நல்ல பாரம், நல்ல சமநிலை. ஆனால் சோங்கு நீளம்.

"வெட்டிக் குறைக்கலாம் அக்கா. கடையில செய்து தருவினம்" என்றார். பிறகு, மரியாதைக்காகத்தான், கணவர் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்களும் சுடுறனீங்களோ?"

"இல்லைத் தம்பி. எனக்குப் பயம்."

அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. துவக்கை மேசையில் வைத்தேன்.

"ஏன் அண்ணை பயம்?" எங்கள் வயதுக்காரர் எவரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். இவர் சிறுவயதிலேயே இங்கே வந்தவர்; வெறுமனே அறிய ஆசைப்பட்டுக் கேட்டார்.

கணவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு றவுண்டப்பில ஆமி என்னைப் பிடிச்சுக்கொண்டு போனது. ஒரு கேள்விதான் கேட்டவங்கள். துவக்கு எங்கை? என்னட்டை இருந்தால்தானே சொல்ல. இல்லையெண்டு சொல்லுற ஒவ்வொருக்காலும் சோங்கால ஒண்டு." ஒரு மிடறு குடித்தார். "இனி ஆரும் கேட்டால் சொல்லலாம். வெக்ஸ்போர்ட்டில, எங்கட வீட்டு பேஸ்மென்ற்ல இருக்கு எண்டு."

விற்பவர் சிரித்தார். பிறகு, சிரித்தது சரியா என்று தெரியாமல் நிறுத்தினார். கணவரும் சிரித்த மாதிரித்தான் இருந்தது. அவரைப் பிடித்துக்கொண்டு போனதும், வலது காது அதனால்தான் மந்தம் என்பதும் எனக்குத் தெரியும். என்ன கேட்டு அடித்தார்கள் என்று அன்றுவரை தெரியாது. நான் கேட்கவுமில்லை. கொள்ளையடித்த ஆளைப் போல மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்றேன்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் கணவர் றேடியோவை நிறுத்தினார். பிறகு, "ஏன் எடுக்கேல்லை?" என்றார்.

"சோங்கு நீளம்."

"வெட்டலாமெண்டு அந்தப் பெடியன் சொன்னவன்தானே."

"பாரமும்."

"பாரமெண்டால் நல்லது, உதையாது எண்டு போன கிழமை நீர்தான் சொன்னீர்."

"நீங்கள் சொன்னதைக் கேட்டாப் பிறகு நான் எப்பிடி அதை வீட்டை கொண்டு வாறது?"

"நான் என்ன சொன்னனான்? அந்தப் பெடியன் கேட்டவன், சொன்னனான்." அவருக்குக் கோபம் வந்திருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நான் துவக்கு எடுத்திருந்தால் வந்திருக்க வேண்டிய கோபம், எடுக்காததற்கு வந்ததா? "நான் அதுக்காண்டியோ சொன்னனான்? இவ்வளவு நாளும் ஓடித் திரிஞ்சிட்டு, இப்ப எனக்காண்டி விடுறதோ? அந்தப் பாரத்தை என்ர தலையில வையாதையும்."

"வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு முதலிலேயே சொல்லியிருக்கலாம்தானே."

"வேண்டாமெண்டு நான் சொன்னனானே?"

"வேணுமெண்டும் சொல்லேல்லை."

அன்று நான் துவக்கை எடுக்காததற்கு உண்மையான காரணம் சோங்கா அவரா என்று என்னை நானே பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பதில்தான் வந்தது. ஒஷாவாக்காரருக்கு, நீளம் சரிவரவில்லை என்று எழுதினேன். 'அண்ணையைக் கேட்டதாகச் சொல்லுங்கோ' என்று அவர் தமிழில் பதில் போட்டார்.

அந்தக் கோடை முழுதும் நான் துவக்குப் பற்றிக் கதைக்கவில்லை. கழகத்துக்கும் குறைவாகத்தான் போனேன். மேலாளர் காரணம் கேட்டபோது தோள் நோகிறது என்றேன்.

ஓர் ஆவணி மாலை, பருப்புக் கழுவிக்கொண்டு நின்றேன். கணவர் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மிசிசாகாக் கடையில ஒண்டு வந்திருக்கு. இருபது கேஜ், காஸ், சோங்கு கட்டையாம். பொம்பிளையளுக்கும் பெடியளுக்கும் எண்டு செய்ததாம். பாப்பமே?"

ஈரக் கையோடு அவரைப் பார்த்தேன். இவர் எவ்வளவு நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்? காஸ் என்றால் என்ன என்று எப்போது படித்தார்? கேட்கலாம்தான். "பாப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

இந்த முறை அவர் காரில் இருக்கவில்லை. கடைக்குள் என்னோடு வந்தார். கடைக்காரர் துவக்கை எடுத்து, இயல்பாகவே அவரிடம் நீட்டினார். கணவரின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின. அவர் யோசித்துச் செய்யவில்லை. கைகள் தாமாகவே போயின. அப்படியே நின்று, அந்த வெள்ளைக்காரரிடம் தமிழில், "அவவுக்கு" என்றார்.

"வேண்டாமெண்டால் விட்டிட்டுப் போவம்" என்று அவருடைய நல்ல காதுப் பக்கமாக நின்று சொன்னேன்.

"நான் தொடமாட்டன். அவ்வளவுதான். நீர் எடும்."

எடுத்தேன். உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தேன். தோளில் வைத்தேன். கன்னம் போய் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மரத்தில் ஒரு கீறல் இருந்தது, காஸ் வரும் இடத்தில் கரி இருந்தது. மற்றபடி குறை இல்லை. வாத்துக்கு இது சற்றுச் சிறியது என்று கடைக்காரர் நேர்மையாகச் சொன்னார். கிட்ட வரவிட்டுச் சுட வேண்டும். குழல் வாயை இரண்டு முறை மாற்றிக் காட்டினார். அனுமதி எண் வந்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

இரும்பு அலுமாரியைப் பேஸ்மென்ற் சுவரில் துளையிட்டுப் பொருத்தியவர் கணவர்தான். மட்டம் வைத்து அளந்து, கவனமாகச் செய்தார். வேலை முடிந்ததும் அலுமாரிப் பூட்டின் இரண்டு திறப்புகளையும் என்னிடம் தந்தார்.

"எங்கை வைக்கிறீர் எண்டு எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றார்.

நான் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. அவர் அதைக் கேலியாகச் சொன்னாரா, நிசமாகவா என்று தெரியாத வரைக்கும் சொல்லாமலிருப்பதுதான் நல்லது என்று இருக்கிறேன்.

புரட்டாதியில் மேலாளரின் பண்ணைக்குப் போனேன். அறுவடை முடிந்த வயலின் ஓரத்தில், வைக்கோலுக்குள் இருவரும் படுத்திருந்தோம். வாத்துகள் கூட்டமாகச் சத்தமிட்டுக்கொண்டு வந்தன. எனக்கு எல்லாம் மறந்து போயிற்று, குழல், கேஜ், எதுவும் நினைவில் இல்லை. கிட்ட வரட்டும் என்பது மட்டும் இருந்தது. "இப்போது" என்றார் மேலாளர். எழுந்து சுட்டேன். அவரும் சுட்டார். ஒன்று விழுந்தது.

"உன்னுடையது" என்றார்.

"உங்களுடையது போலத்தான் தெரிந்தது" என்றேன். நான் பார்த்ததும் அதைத்தான். அல்லது எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இறகு பிடுங்கிச் சுத்தம் செய்யும் வேலையைக் காட்டித் தந்து, இறைச்சியை என் பெட்டியில் வைத்து அனுப்பினார். விழுந்து கிடந்த பறவையைத் தூக்கியபோது அது இன்னும் சூடாக இருந்தது. தட்டு தூளான அன்று வந்த அந்தச் சந்தோஷம் வரவில்லை. வருத்தம் என்றும் சொல்ல முடியாது. ஒரு வேலையைச் செய்து முடித்த களைப்பு இருந்தது.

எங்கள் வீட்டில் இறைச்சி சமைப்பது கணவர்தான். பெட்டியைத் திறந்து பார்த்து, முகர்ந்து பார்த்து, மிளகு கூடப் போட்டு, நெடுநேரம் அவியவிட்டுப் பிரட்டல் வைத்தார். இருவரும் சோற்றோடு சாப்பிட இருந்தோம். நாலைந்து வாய் சாப்பிட்டிருப்பார். திடீரென்று மெல்வதை நிறுத்தி, வாய்க்குள் விரல் விட்டு எதையோ எடுத்தார். சிறிய, உருண்டையான உருக்குச் சன்னம் ஒன்று. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார்.

"இது உம்மடையோ, அவவின்ரயோ?" என்று கேட்டார்.

"தெரியேல்லை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் சாப்பிடத் தொடங்கினார். "இறைச்சி கொஞ்சம் முத்தல்" என்று சொல்லி, இன்னும் இரண்டு துண்டு போட்டுக்கொண்டார்.